பழைய வாரிய வீட்டை இடிக்கப் போகிறார்கள்: வடசென்னையில் முடிவு யார் கையில், எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். வியாசர்பாடியில் எழுபதுகளில் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. சீலிங் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறோம், காலி செய்யுங்கள் என்று வாரியத்திலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கவுன்சிலரிடம் போனால், "அது வாரியத்து வேலைம்மா, மாநகராட்சி கையில இல்ல" என்கிறார். வீடு இறந்துபோன அப்பா பெயரில். அண்ணன் குடும்பமும் அதே வீட்டில்தான் இருக்கிறது. போனால் வீடு திரும்பக் கிடைக்குமா, போகாமல் இருந்தால் ஆபத்தா என்பது உங்கள் கேள்வி.

ஆபத்தைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், அது காத்திருக்காது. 2021 டிசம்பர் 27 காலை, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் ஒன்று அப்படியே உட்கார்ந்து தரைமட்டமானது. தொண்ணூறுகளில் கட்டியது, முப்பது வயதுகூட ஆகவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. விரிசல் பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்த குடியிருப்புக்காரர்களும் உள்ளூர் ஆட்களும் எல்லோரையும் வெளியே கொண்டுவந்ததுதான் காரணம். எந்த அதிகாரியின் நோட்டீஸும் அவர்களைக் காப்பாற்றவில்லை. அவர்கள் கண்ணும் காதும்தான் காப்பாற்றியது.

அதனால் எந்த விரிசல் எப்படிப்பட்டது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சுவர்ப் பூச்சில் தலைமுடி போல ஓடும் கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம். சீலிங்கிலிருந்து சிமென்ட் பாளம் பாளமாக விழுவது தலையில் அடிபடும் ஆபத்து. கட்டடம் நோயாளி என்பதற்கும் அது அடையாளம். ஆனால் பில்லரில் மேலிருந்து கீழாகக் கம்பியை ஒட்டிப் போகும் விரிசலும் அதன் ஓரத்தில் துருக்கறையும் தெரிந்தால், பீம் பில்லரோடு சேரும் இடத்தில் சாய்வாகக் கீறல் விட்டால், நேற்றுவரை நன்றாக மூடிய கதவு இன்று நிலையில் சிக்கினால், ராத்திரியில் பொடி உதிரும் சத்தம் கேட்டால், உடனே வெளியே வந்துவிட வேண்டும். அப்போது பயனாளிகள் பட்டியல், வீட்டுக்கான டோக்கன் என்று எதற்கும் காத்திருக்கக் கூடாது. மாநகராட்சியின் 1913-க்கும் தீயணைப்புத் துறைக்கும் வெளியே நின்றபடி சொல்லிக்கொள்ளலாம்.

வடசென்னையில் ஏன் இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகிறது என்றால், காரணம் காற்றிலும் இருக்கிறது, கட்டிய விதத்திலும் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காப்பது அதற்கு மேல் மூடியிருக்கும் கான்கிரீட் படலம். கட்டட வேலையில் இருப்பவர்கள் அதைக் கவர் என்பார்கள். கடற்காற்றின் உப்பும் கழிவறைக் கசிவும் அந்தப் படலத்தைத் தாண்டிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளும். அந்தத் தள்ளலில்தான் சீலிங் பெயர்கிறது. இந்திய கான்கிரீட் விதித்தொகுப்பான ஐ.எஸ். 456, 1978 பதிப்பில் எம் 15 தரத்தையே குறைந்தபட்சமாக ஏற்றிருந்தது (எம் என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம், எண் கூடினால் வலிமை கூடும்). 2000-இல்தான் அதை எம் 20 ஆக்கினார்கள். கடற்கரைச் சூழல் நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு எம் 30-உம், 45 மில்லிமீட்டர் கவரும் வேண்டும் என்கிறது இன்றைய விதி. உங்கள் பிளாக் இந்த விதி வருவதற்கு முன்பே எழும்பியது. பெயர்ந்த இடத்தில் துருவைச் சுரண்டாமல் மறுபடி சிமென்ட் பூசுவது மருத்துவமே அல்ல. உள்ளே துரு தன் வேலையைத் தொடரும், அடுத்த முறை இன்னும் பெரிய பாளமாக விழும்.

ஆக, கட்டடம் இடிக்க வேண்டியதுதான் என்று பொறியாளர்கள் சொன்னால் பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். பிறகு ஏன் மக்கள் காலி செய்ய மறுக்கிறார்கள்? உயிர்மேல் ஆசை இல்லாமலா? வெளியே போனால் உரிமை போய்விடுமோ என்ற பயம் கட்டடம் விழுமோ என்ற பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் இந்தப் பதில் முழுக்கச் சொல்ல வருவதும் இதுதான்: இந்தக் குடியிருப்புகளில் கட்டடப் பாதுகாப்பும் வீட்டின் மீதான உரிமையும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. வீடு திரும்பத் தருவோம் என்ற காகிதத்தை முதலில் கொடுத்தால் மக்கள் தாமாகவே காலி செய்வார்கள். காகிதம் கொடுக்காமல் காலி செய்யச் சொல்கிற அதிகாரி, தெரிந்தோ தெரியாமலோ, அவர்களை அந்தச் சீலிங்குக்குக் கீழேயே உட்கார வைக்கிறார்.

சரி, முடிவு யார் கையில்? உங்கள் கவுன்சிலர் சொன்னது பாதி உண்மை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது, 1971-இல் அதற்கான சட்டம் வந்தது. அதோடு குடிசைப் பகுதி வேலை மாநகராட்சியின் கையைவிட்டு மாநில அரசின் வாரியத்துக்குப் போய்விட்டது. 2021 செப்டம்பரில் அதற்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். இடிப்பது, கட்டுவது, ஒதுக்குவது எல்லாம் அங்கேதான். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் என்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. கையில். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியம். மழைநீர் வடிகால், சாலை, தெருவிளக்கு, குப்பை மாநகராட்சி. ஒரே பிளாக்கின் வாசலில் நான்கு அலுவலகங்களின் எல்லைகள் வந்து முட்டுகின்றன. அதனால்தான் யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள்.

ஆனால் அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் வேறு மாதிரி நினைத்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல், குடிசைப் பகுதி மேம்பாடு மூன்றும் நகர உள்ளாட்சிக்குத் தரத்தக்க பணிகளாகவே இடம்பெற்றிருக்கின்றன. தமிழ்நாடு அந்த மூன்றையும் பெருமளவு மாநில அமைப்புகளிடமே வைத்திருக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இது மாறவில்லை. இது சரியில்லை என்று நான் திடமாக நம்புகிறேன். வீட்டைப் பற்றி முடிவெடுப்பவரைத் தேர்தலில் கேள்வி கேட்க முடியவில்லை. கேள்வி கேட்க முடிந்தவரிடம் அதிகாரம் இல்லை.

புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்கா இதற்கு நல்ல உதாரணம். கே.பி. பார்க் என்றால்தான் நம் ஆட்களுக்குத் தெரியும். பழைய குடியிருப்பை எடுத்துவிட்டு 864-உம் 1,056-உமாக இரண்டு கட்டங்களில் 1,920 வீடுகள் எழுப்பினார்கள். 2021 ஆகஸ்டில், குடிவந்த கொஞ்ச நாளிலேயே, சுவரைத் தொட்டால் பூச்சு உதிர்கிறது என்று மக்கள் வெளியே கொண்டுவந்தார்கள். சட்டமன்றம்வரை போனது. பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், சென்னை ஐ.ஐ.டி.யில் நகர்மயமாதலையும் கட்டடங்களையும் ஆராயும் க்யூப் மையத்தைக் கொண்டு ஆய்வு நடந்தது. இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சென்னை மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவருமே இல்லை. அந்தக் கட்டடங்கள் எழும்பியதும் அந்த இடைவெளியில்தான். பூச்சு வேலை நடக்கும்போது உள்ளே போய், "என்னப்பா, சிமென்ட்டே இல்லாம மண்ணா உதிருது?" என்று கேட்க ஓட்டு வாங்கிய ஆள் யாரும் அந்தத் தெருவில் இல்லை. கவுன்சிலர் இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. குறைந்தபட்சம் போய் நிற்க ஒரு வாசல் இருந்திருக்கும்.

இப்போது அந்த வாசல் இருக்கிறது. உங்கள் கவுன்சிலரால் என்னவெல்லாம் முடியும் என்று அவருக்கே ஞாபகப்படுத்துங்கள். ரிப்பன் மாளிகையில் மாமன்றக் கூட்டம் நடக்கும்போது நேரமில்லா நேரத்தில் உங்கள் பிளாக்கைப் பற்றிப் பேசலாம், அது பதிவாகும். மண்டலக் குழுவில் வாரியத்துச் செயற்பொறியாளரை வரவழைத்துப் பதில் சொல்லச் சொல்லலாம். வார்டுக்குள் பகுதி வாரியாக மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து தீர்மானம் கொடுக்கலாம். வாரியத்தை அது கட்டுப்படுத்தாது என்பார்கள். ஆனால் தேதி போட்ட தீர்மானம் பிற்பாடு நீதிமன்றத்தில் உங்கள் பக்கம் நிற்கும் சாட்சி. அப்புறம், கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்றால் அதைத் தாங்கிப்பிடிக்கவோ காலி செய்யவோ இடிக்கவோ நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் மாநகராட்சிக்குச் சட்டப்படியே உண்டு. ஆர்மேனியன் தெருவில் 2023 ஏப்ரலில் பழைய நாலுமாடிக் கட்டடம் சரிந்தபோது எல்லோரும் பேசியது அந்த அதிகாரத்தைப் பற்றித்தான். அரசு வாரியத்தின் கட்டடம் என்பதற்காக மாநகராட்சி கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்து, அறிக்கை. "இடியப் போகுது" என்று வாயால் சொன்னால் போதாது. கட்டடத்தின் உறுதித்தன்மையை ஆராய்ந்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். சுத்தியல் போன்ற கருவியால் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர் சோதனை, கான்கிரீட்டுக்குள் ஒலி அனுப்பிப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை, உருளையாகத் துளைத்தெடுத்து நசுக்கிப் பார்க்கும் கோர் சோதனை ஆகியவற்றில் எதைச் செய்தார்கள், எந்தெந்தப் பில்லரில் செய்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து எழுதிய ஒரு பக்கக் குறிப்பை மட்டும் காட்டினால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கேட்டும் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். சாதாரணமாக 30 நாள். ஆனால் ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் ஏழாம் பிரிவு சொல்கிறது. விழும் நிலையில் உள்ள கட்டடத்தில் குடியிருப்பவர் அந்தக் கட்டடத்தின் அறிக்கையைக் கேட்பது உயிர் தொடர்பானது இல்லையென்றால் வேறு எதுதான் உயிர் தொடர்பானது? மனுவின் முதல் வரியிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

இனி, காலி செய்வதற்கு முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள். கணக்கெடுப்பு நடந்து, பயனாளிகள் பட்டியல் வெளியாகி, அதில் உங்கள் வீட்டு எண்ணும் பெயரும் இருக்க வேண்டும். டோக்கன் கொடுத்தார்கள் என்றால் அதன் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். அதே இடத்தில் மீண்டும் வீடு தரப்படும் என்பது எழுத்தில் வேண்டும். இந்த 'அதே இடத்தில்' என்பதை விட்டுவிடாதீர்கள். கூவம் கரையில் சென்ட்ரல் பக்கம் இருந்த சத்தியவாணி முத்து நகர்க்காரர்களை 2019 டிசம்பர் கடைசியில் பெயர்த்து, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது நம் கண் முன்னால் நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றது, மூட்டை தூக்கியவர்களுக்கும் வீட்டு வேலை செய்தவர்களுக்கும் வேலை போனது. வாரியத்தின் பழைய குடியிருப்பில் ஒதுக்கீடு பெற்றவர்களுடைய நிலை அதைவிட வலுவானது, உண்மை. இருந்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இடைக்காலத்துக்குத் தரும் கருணைத் தொகை முன்பு 8,000 ரூபாய் இருந்தது, இப்போது 24,000. உயர்த்தியது நல்லதுதான். ஆனால் கட்டுமானம் ஒன்றரை வருடம் ஓடினால் மாதத்துக்கு 1,333 ரூபாய். அந்தப் பணத்துக்கு வியாசர்பாடியில் ஒற்றை அறைகூட வராது, அட்வான்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். எனவே இரண்டு விஷயத்தைக் கூட்டாகக் கேளுங்கள்: வேலை முடியும் தேதி ஒப்பந்தத்தில் என்னவென்று போட்டிருக்கிறது, அந்தத் தேதி தாண்டினால் வாடகைக்கு என்ன செய்வார்கள். புது வீட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிய பயனாளி பங்களிப்பு என்று கடைசி நேரத்தில் ஒரு தொகை வந்து நிற்கும். சில திட்டங்களில் ஒன்றரை லட்சம் அளவுக்குக் கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு, எத்தனை தவணை, வங்கிக் கடன் ஏற்பாடு உண்டா என்பதைச் சாமான் மூட்டை கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சாவி வாங்கும் நாளில் அல்ல.

புதிய கட்டடத்தின் வரைபடத்தையும் பார்க்கக் கேளுங்கள். பழைய வீடுகள் இருநூறு சதுர அடியை ஒட்டியவை, புதியவை நானூறு அளவுக்கு வருகின்றன. இது பெரிய முன்னேற்றம், மறுக்க முடியாது. ஆனால் மூன்று மாடி போய் உயர அடுக்குமாடி வந்தால் வாழ்க்கையே மாறுகிறது. லிஃப்ட் நின்றால் முட்டிவலிக்காரர் மேலேயே கிடக்க வேண்டியதுதான். மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது, கீழ்வீட்டு ஜன்னலில் இட்லிக்கடை வைத்துக் குடும்பம் நடத்தியவர் எங்கே போவார், இதற்கெல்லாம் வரைபடத்திலேயே இடம் இருந்தால்தான் உண்டு. 18.30 மீட்டருக்கு மேல் போனால் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி அது உயரக் கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, தீயணைப்பு நீர்த்தொட்டி, அவசரப் படிக்கட்டு எல்லாம் கட்டாயம். கட்டும்போது இருக்கும் பம்பு பத்து வருடம் கழித்தும் ஓடுமா என்பதுதான் கேள்வி. அரசின் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பங்கு தருகிறது. இப்போதே சங்கத்தைப் பதிவு செய்தால் வேலை நடக்கும்போதே பூச்சையும் குழாயையும் பார்வையிடும் உரிமையைக் கேட்கலாம். கே.பி. பார்க்கில் குடிவந்த பிறகு கண்டுபிடித்ததை நீங்கள் குடிவருவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்.

தரைமட்டம் எவ்வளவு உயர்த்துகிறார்கள் என்பதையும் கேளுங்கள். மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை முதலில் நிரம்பும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேப்டன் காட்டன் கால்வாயும் ஓட்டேரி நல்லா ஓடையும் பக்கிங்காம் கால்வாயில்தான் போய்ச் சேர வேண்டும். அங்கே நீர் ஏறி நின்றால் நம் தெருவில் வடியாது. புதுக் கட்டடத்தை மட்டும் மேடாக்கிவிட்டு வடிகாலை அப்படியே விட்டால் அந்தத் தண்ணீர் பக்கத்துப் பிளாக்குக்குள் போகும். இது மாநகராட்சியின் வேலை, கவுன்சிலர் தட்டிக்கழிக்க முடியாது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 2024 மார்ச்சில் தங்கசாலையில் 4,181 கோடி ரூபாய்க்குத் தொடங்கினார்கள், பிறகு தொகை இன்னும் கூடியது. அதில் உங்கள் வார்டுக்கு வடிகாலில் என்ன வருகிறது என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நிலத் திட்டமிடலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. வடசென்னைக்கு எப்போதும் மிச்ச நிலம்தான் கிடைக்கிறது: கொடுங்கையூர் குப்பைமேட்டை ஒட்டி, மணலி ஆலைகளை ஒட்டி, சுடுகாட்டு ஓரமாக. 1939-இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறையில் நோயுற்று இறந்த நடராசனும் தாளமுத்துவும் மூலக்கொத்தளம் இடுகாட்டில் இருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் வாரியக் குடியிருப்புக்கு நிலம் எடுத்தார்கள். எழும்பூரில் சி.எம்.டி.ஏ. அலுவலகத்துக்குப் பெயர் தாளமுத்து நடராசன் மாளிகை. ஏழைக்கு வீடு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் இதே ஊரில் எத்தனையோ அரசு நிலம் வேறு வேலைக்குப் போகும்போது, ஏழை வீட்டுக்கு மட்டும் ஏன் இடுகாடு என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. 1971-இல் 1,202 பகுதிகளைச் சட்டப்படி குடிசைப் பகுதி என அறிவித்தார்கள், 1985-இல் இன்னும் 17. அதற்குப் பிறகு சென்னையில் ஒரு பகுதியைக்கூட அறிவிக்கவில்லை. அறிவிப்பு இல்லையென்றால் சட்டப் பாதுகாப்பும் இல்லை. சென்னையின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் இரண்டாம் பெருந்திட்டம் 2026-ஓடு முடிகிறது, மூன்றாவது தயாராகிறது. கருத்துக் கேட்கும்போது எழுதிக் கொடுங்கள், சங்கத்தின் பெயரில் கொடுங்கள்.

கடைசியாக உங்கள் அப்பா பெயர் விஷயம். இது சிக்கல்தான், ஆனால் இங்கே பாதிக் குடும்பங்களுக்கு இதே சிக்கல். ஒதுக்கீட்டு ஆணை, வாரியத்துக்குப் பணம் கட்டிய பழைய ரசீதுகள், இறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை, மின் கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் சேருங்கள். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், தாசில்தார் வழங்குவார். ஓர் ஒதுக்கீட்டுக்கு ஒரு வீடு என்பதுதான் வாரியத்தின் வழக்கம். அதனால் நீங்களும் அண்ணனும் உட்கார்ந்து பேசி, யார் பெயரில் மாற்றுவது, மற்றவருக்கு என்ன என்று முடிவு செய்து, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தோடு பெயர் மாற்ற மனுவை வாரியத்தின் எஸ்டேட் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிவிடுங்கள். இரண்டு குடும்பம் ஒரே கூரையில் இருந்ததைத் தனி மனுவாகவும் கொடுங்கள், கணக்கெடுப்பில் இருவருமே பதிவாக வேண்டும். கணக்கெடுப்புக்காரர்கள் வரும் நாளில் வீட்டில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தால் அதுவே பெரிய தலைவலியாகும். வேலைக்குப் போனாலும் அன்று யாராவது ஒருவர் வீட்டில் இருங்கள்.